ஒத்துணர்வும் இணைய விளம்பரமும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலையை முன்வைத்து

ஒத்துணர்வு என்பது பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்த்து அவர் உணர்வதை அறிந்துகொள்ளும் திறன். இது இரக்கத்திலிருந்து வேறுபட்டது. இரக்கப்படுபவர் வெளியே நின்று பார்க்கிறார். ஒத்துணர்பவர் மற்றவரின் இடத்துக்குப் போய் நின்று பார்க்க முயல்கிறார். உளவியலிலும் மருத்துவக் கல்வியிலும் வழங்கிவந்த இக்கருத்து, சமூக ஊடகங்கள் பெருகிய பிறகு சந்தைப்படுத்தல் துறையின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. ஒரு பிராண்டு தன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் பதிவுகளில் வாடிக்கையாளரின் கவலையைப் புரிந்துகொண்டதாகக் காட்ட வேண்டும் என்பது இன்று அத்துறையின் பாலபாடம்.

இந்தப் பாடத்தில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. அதில் ஒத்துணர்வு பணம் கொடுப்பவரை நோக்கி மட்டுமே பாய்கிறது. பொருளை விளைவிப்பவர், செதுக்குபவர், படத்தில் பின்னணியாக நிற்பவர், விளம்பரத்தில் பெயர் பயன்படும் ஊரில் வாழ்பவர் ஆகியோர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையும் இந்த விடுபடலைத் தெளிவாகக் காட்டும் இடங்கள். இவை சில ஆண்டுகளாக இணையத்தில் அதிகம் பேசப்படுகின்றன, அதிகம் விற்கவும்படுகின்றன. பேசுபவர்களும் விற்பவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

வாடிக்கையாளர் மட்டும் இருக்கும் வரைபடம்

சந்தைப்படுத்தல் வகுப்புகளில் ஒத்துணர்வைக் கற்பிக்கும் முறை எளிமையானது. முதலில் ஒரு கற்பனை வாடிக்கையாளரை உருவாக்குவார்கள். அவருக்கு வயது, வருமானம், குடும்பம், கவலைகள் எல்லாம் கொடுக்கப்படும். பிறகு 'எம்பதி மேப்' என்ற கட்டம் வரையப்படும். அவர் என்ன சொல்கிறார், என்ன நினைக்கிறார், என்ன செய்கிறார், என்ன உணர்கிறார் என்று அதில் நிரப்ப வேண்டும். அதிலிருந்து பதிவுக்கான சொற்கள் பிறக்கும். குழந்தைக்குச் சத்துமாவு தேடும் தாய்க்கு ஒரு மொழி, முதல் சம்பளத்தில் பைக் வாங்கும் இளைஞருக்கு வேறொரு மொழி.

இதைப் பயனற்ற முறை என்று தள்ளிவிட முடியாது. வாடிக்கையாளரையே மதிக்காத நிறுவனங்கள் நிறைய இருக்கையில் இது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் இந்த வட்டத்துக்குள்ளும் அது பெரும்பாலும் தொனியாகச் சுருங்கிவிடுகிறது. குறை சொல்லி எழுதுபவருக்கு வரும் மறுமொழியைப் பார்த்தாலே இது தெரியும். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், தயவுசெய்து விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்பவும்" என்ற அதே வரி, கெட்டுப்போன பாலுக்கும் வராத மருந்துக்கும் ஒன்றுபோல ஒட்டப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் 2021 அக்டோபரில் நடந்தது. உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோவிடம் பணத்தைத் திரும்பக் கேட்ட ஒரு தமிழ் வாடிக்கையாளரிடம், இந்தி தேசிய மொழி என்றும் அதைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்றும் உதவி மையப் பணியாளர் ஒருவர் பதில் எழுதினார். அந்த உரையாடலின் படம் பரவியதும் நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் எழுந்தது. நிறுவனம் தமிழில் மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது. பணியாளரை நீக்கியதாகவும் அறிவித்தது. சிறிது நேரத்திலேயே நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் பணியில் சேர்ப்பதாகச் சொன்னார். உதவி மையத்தில் ஒருவர் செய்த தவறு தேசியப் பிரச்சினையானது ஏன் என்றும், சகிப்புத்தன்மை வேண்டும் என்றும் அவர் எழுதினார்.

இந்த நிகழ்வைப் பலர் மொழிப் பிரச்சினையாக மட்டும் வாசித்தார்கள். அதில் ஒத்துணர்வுப் பிரச்சினையும் இருந்தது. முதல் அறிக்கையில் வாடிக்கையாளருக்கு ஒத்துணர்வு காட்டப் பணியாளர் பலியானார். இரண்டாவது பதிவில் பணியாளருக்கு ஒத்துணர்வு காட்ட வாடிக்கையாளரின் கோபம் சிறுமைப்பட்டது. இரண்டு பேரின் நிலையையும் ஒருசேர நினைத்துப் பார்க்கும் பழக்கம் அந்த மொழியில் இல்லை. அந்த அறிக்கையில் உருப்படியாக இருந்தது வேறொரு பகுதி. செயலியின் தமிழ் வடிவத்தை உருவாக்கிவருவதாகவும், கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் அமைக்கும் பணி நடப்பதாகவும் அதில் இருந்தது. வருத்தம் தெரிவிக்கும் பத்திகளை விட இந்த இரண்டு வரிகளில்தான் வாடிக்கையாளரின் இடத்திலிருந்து யோசித்த அடையாளம் உண்டு.

"ஏழைகளின் ஊட்டி"

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு சேலம் மாவட்டத்திலும் அது பரவிக் கிடக்கிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கல்வராயன்மலை வட்டத்துக்கு வெள்ளிமலை தலைமையிடம். மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை, மலையடிவாரத்தில் கோமுகி அணை ஆகியவை சுற்றுலாப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்.

அந்தப் பதிவுகளின் மொழியை வரிசையாகப் பார்த்தால் சில சொற்றொடர்கள் தேய்ந்த நாணயங்களாகப் புழங்குவது தெரியும். அவற்றில் முதன்மையானது "ஏழைகளின் ஊட்டி". ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் ஒட்டப்பட்ட அதே பட்டம் கல்வராயனுக்கும் ஒட்டப்படுகிறது. இங்கே குறிக்கப்படும் ஏழை யார் என்ற கேள்வியை இந்தச் சொற்றொடர் எழுப்புவதில்லை. ஊட்டிக்குப் போகப் பணமில்லாத சமவெளிச் சுற்றுலாப் பயணிதான் அந்த ஏழை. மலையில் தலைமுறைகளாக வாழும் ஏழை அந்தப் பெயரில் இல்லை. ஒரு வறிய நிலப்பரப்பைக் குறைந்த விலை நிலப்பரப்பாக மாற்றிச் சொல்லும் விளம்பர வரி அது. வாடிக்கையாளரின் பர்ஸுக்கு அதில் ஒத்துணர்வு உண்டு.

இரண்டாவது, "பழமை மாறாத", "நவீனம் தீண்டாத" போன்ற அடைமொழிகள். பயணிக்கு இவை கவர்ச்சியான சொற்கள். அதே சொற்களை மலைவாசியின் இடத்திலிருந்து படித்தால் பொருள் தலைகீழாகிறது. சாலை போடப்படாத ஊரைப் பயணி 'தீண்டப்படாத இயற்கை' என்று படம் எடுக்கிறார். அந்தச் சாலை இல்லாததால் பிரசவ வலி வந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவர் அதே ஊர்க்காரர். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே நிலமும் மனிதரும் ஜாகீர்தாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த வரலாறு அது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், போக்குவரத்து போன்ற அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் கேள்விகள் கேட்டது. நீதிமன்றம் பற்றாக்குறை என்று பார்த்த அதே நிலையை ரீல்ஸ் மொழி அழகு என்று பார்க்கிறது.

மூன்றாவது, மக்களின் பெயர். இங்கே பெரும்பான்மையாக வாழும் பழங்குடியினர் மலையாளிகள் என்று அழைக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம் இதுவே; 2011 கணக்கெடுப்பில் சுமார் 3.5 லட்சம் பேர். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள்படும் இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. இவர்கள் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை, பேசுவது தமிழ். ஆனால் இணையத் தேடலில் 'மலையாளி' என்று தட்டினால் கொச்சியும் மம்மூட்டியும்தான் முதலில் வருகிறார்கள். பதிவு எழுதுபவர்களில் பலர் இந்தச் சிக்கலைத் தாண்ட 'மலைவாசிகள்', 'ஆதிவாசிகள்', 'காட்டுவாசிகள்' என்று வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள். ஒரு சமூகம் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்று கேட்டு எழுதுவதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதுகூட நடக்காத இடத்தில் மற்ற உணர்வுகளைப் பற்றிப் பேசுவது வீண்.

படங்களிலும் இதே நிலைதான். அருவியில் குளிக்கும் பயணிக்கு முகம் இருக்கிறது, டேக் இருக்கிறது, பெயர் இருக்கிறது. சுமையோடு நடக்கும் மலைப் பெண்ணும், வண்டியைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தையும் அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்டு 'வெள்ளந்தி மனிதர்கள்' என்ற தலைப்பில் வருகிறார்கள். வெள்ளந்தி என்ற சொல் பாராட்டுப்போல் ஒலித்தாலும், எதிரே நிற்பவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை என்ற முடிவும் அதில் இருக்கிறது. மலையில் பல ஊர்களில் கைபேசி அலைவரிசை சரியாகக் கிடைப்பதில்லை என்பது நெடுநாளைய குறை. தங்களைப் பற்றிய பதிவுக்கு அடியில் ஒரு கருத்து எழுதக்கூட அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்ப்புக் குறைவு. எதிர்க்குரல் வராத இடம் என்பதாலேயே இந்த மொழி திருத்தப்படாமல் நீடிக்கிறது.

பெயர் யாருக்குச் சேர்கிறது

பிராண்டு என்பது அடிப்படையில் பெயர். ஆகவே கல்வராயன், கள்ளக்குறிச்சி என்ற பெயர்கள் சந்தையில் எதோடு ஒட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது.

கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் மரவள்ளிக் கிழங்கு முக்கியமான பணப்பயிர். கிழங்கு லாரியேறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இயங்குகிறது. 2023இல் 'சேலம் ஜவ்வரிசி' புவிசார் குறியீடு பெற்றது. ஆலைத் தொழிலை வளர்த்த ஊருக்கு அந்தப் பெயர் போவது நியாயமே. ஆனால் பாயசத்தில் கொதிக்கும் ஜவ்வரிசியோடு கல்வராயன் என்ற பெயர் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. செய்திகளில் அந்தப் பெயர் வருவது பெரும்பாலும் சாராய ஊறல் அழிப்போடும், ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டுக் கைதாகும் கூலிகளோடும்தான். நல்ல சரக்கு வேறு ஊர்ப் பெயரில் விற்கிறது. கெட்ட பெயர் மட்டும் சொந்த முகவரிக்கு வந்து சேர்கிறது.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தின் கதை சற்று மாறுபட்டது. 2021இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் சிற்பக் குடும்பங்கள் இத்தொழிலைச் செய்கின்றன. குறியீடு ஊருக்குப் பெயர் தந்தது. செதுக்கியவருக்குத் தந்ததா என்று கேட்டால், இணையக் கடைகளின் விவரப் பக்கங்கள் உதட்டைப் பிதுக்குகின்றன. 'தெய்விக அழகு', 'கைவினைஞரின் ஆத்மா', 'உங்கள் வரவேற்பறைக்கு ஏற்றது' என்று மூன்று வரி இருக்கும். சிலையின் உயரம் அங்குலத்தில் இருக்கும். எந்த மரம், எத்தனை நாள் வேலை, யார் கை என்பது இருக்காது. ஆத்மாவைப் பற்றிப் பேசும் விளம்பரம் ஆளின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறது. இது வெறும் மரியாதைக் குறைவு என்ற அளவில் நிற்பதில்லை. பெயர் இல்லாத சிற்பியிடம் வாங்குபவர் அடுத்த முறை நேரடியாகப் போக முடியாது. பெயரை மறைப்பதால் இடைத்தரகின் லாபம் பாதுகாக்கப்படுகிறது.

மலைத்தேன், சாமை, வரகு, புளி விற்கும் சிறு பிராண்டுகளும் இதே வழியில் போகின்றன. 'பழங்குடியினர் சேகரித்தது' என்ற வரி இன்று ஒரு தரமுத்திரைபோல் பயன்படுகிறது. கலப்படம் பற்றிய நகரத்தாரின் அச்சத்துக்கு அது மருந்து. அந்தத் தேனுக்கு மலையில் கொடுத்த விலை என்ன, கொடுத்தது யார், மழையால் சேகரிப்பு குறைந்த ஆண்டில் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது என்பவை சொல்லப்படுவதில்லை.

கருணாபுரம், 2024 ஜூன்

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை 60ஐத் தாண்டியது. பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். பெண்களும் அவர்களில் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளும் இருந்தார்கள். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் வேதிப்பொருள். மலையில் காய்ச்சுகிற சாராயத்தில் அது இல்லை. எனினும் அந்த வாரம் வந்த பதிவுகள் பலவற்றில் கல்வராயன் மலையின் பெயரும் சேர்த்து இழுக்கப்பட்டது.

இப்படிப்பட்ட நாளில் ஒரு பிராண்டின் சமூக ஊடகக் கணக்கு எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். பதிவுகள் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் முன்பே தயாரிக்கப்பட்டு நேரம் குறித்து வைக்கப்படுகின்றன. சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் ஏஜென்சி அதைச் செய்கிறது. குறித்த நேரத்தில் மென்பொருள் தானே வெளியிடும். அந்த ஜூனில் இருபது ஓவர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டும் நடந்துகொண்டிருந்தது. கொண்டாட்டப் பதிவுகளுக்கு ஏற்ற பருவம். இத்தகைய இயந்திரத்தில் ஒத்துணர்வு என்பது முதலில் ஒரு நடைமுறை விஷயம்: நிறுத்துவதற்கு யாருக்கு அதிகாரம் இருக்கிறது? கள்ளக்குறிச்சியில் இருக்கும் கிளை மேலாளர் ஏஜென்சிக்கு அழைத்து "இன்று எதுவும் போடாதீர்கள்" என்று சொல்ல முடியுமா? பல நிறுவனங்களில் அந்த மேலாளரிடம் ஏஜென்சியின் எண்கூட இருக்காது.

நிறுத்தத் தெரியாததன் விலைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கம் நடந்த நேரத்தில் மூக்குக்கண்ணாடி விற்கும் லென்ஸ்கார்ட் நிறுவனம், நிலநடுக்கத்தைச் சிலேடையாகப் பயன்படுத்திக் குளிர்கண்ணாடிச் சலுகைக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. அங்கே பிழை தானியங்கி மென்பொருளுடையது என்று தப்ப முடியாது. ஒரு மனிதர் செய்தியைப் பார்த்து, அதில் வியாபார வாய்ப்பைக் கண்டு, எழுதி அனுப்பியிருக்கிறார். நடப்புச் செய்தியோடு பிராண்டை ஒட்டவைக்கும் 'மொமன்ட் மார்க்கெட்டிங்' என்ற உத்தியின் இயல்பே இதுதான். செய்தி எது என்று பாராமல் அதன் சூட்டை மட்டும் பார்க்கிறது.

கருணாபுரத்தில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. தமிழ் மீம் மார்க்கெட்டிங்கில் குடிகாரர் நிரந்தரக் கோமாளி. திரைப்படங்களின் குடிக் காட்சிகளிலிருந்து வெட்டிய படங்கள் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் பிரியாணிக்கும் கைபேசிச் சலுகைக்கும் பயன்படுகின்றன. கைலி கட்டித் தள்ளாடுகிறவரைப் பார்த்து எல்லாரும் சிரிக்கலாம் என்பது பேசப்படாத ஒப்பந்தம். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது அந்த ஒப்பந்தம் தன் வேலையைக் காட்டியது. குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா என்ற கேலி சமூக ஊடகங்களில் பரவலாக ஓடியது. கொள்கை அளவில் அந்த உதவித்தொகையை விமர்சிக்க இடமுண்டு. ஆனால் கேலியின் தொனி கொள்கை விமர்சனத்தின் தொனியாக இல்லை. ஆண்டுக்கணக்கில் சிரிப்புப் பொருளாகப் பழக்கப்பட்ட ஓர் உருவம் பிணமாகக் கிடந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கூலிக்காரரின் குடும்பத்தில் யாரும் அந்த மீம்களைத் தயாரிக்கும் இடத்தில் இல்லை.

இதில் பிராண்டுகளின் பங்கு மறைமுகமானது. அதனாலேயே அது பேசப்படாமல் போகிறது. துக்க நாளில் கறுப்புப் பட்டையுடன் இரங்கல் பதிவு போடுவதால் முந்தைய முந்நூறு நாள் கேலி ஈடாகிவிடாது. 2023 ஜூனில் சுற்றுச்சூழல் தினத்துக்காகச் சொமேட்டோ வெளியிட்ட விளம்பரத்திலும் இதே கோளாறு இருந்தது. 'லகான்' படத்தில் கச்ரா என்ற தலித் பாத்திரத்தில் நடித்த நடிகரை, மறுசுழற்சி செய்த குப்பையிலிருந்து உருவான பொருட்களாக, விளக்காகவும் தாளாகவும், அந்த விளம்பரம் காட்டியது. பெயருக்கும் குப்பைக்கும் உள்ள ஒலி ஒற்றுமையில் சிரிப்பைத் தேடியவர்களுக்கு, அந்தப் பெயர் ஏன் அந்தப் பாத்திரத்துக்கு வைக்கப்பட்டது என்பது தோன்றவில்லை. விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, சிலர் மனம் புண்பட்டிருக்கலாம் என்ற வகை விளக்கம் வந்தது. மனம் புண்பட்டவர்களின் குறையாகவே விஷயத்தை முடித்துவைக்கும் இந்த வாக்கிய அமைப்பு, நிறுவன மன்னிப்புகளில் மிகவும் பயின்றுவரும் ஒன்று.

துயரமே சரக்காகும்போது

ஒத்துணர்வு குறைவது ஒரு சிக்கல் என்றால், அதன் பெயரால் வரும் வெள்ளம் இன்னொரு சிக்கல். 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி மாணவி இறந்த பிறகு நடந்தவை இதற்குச் சான்று. நியாயம் கேட்டு எழுந்த உணர்வு உண்மையானது. அந்தத் தாயின் துயரம் தமிழகம் முழுவதையும் தொட்டது. அதோடு, வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகக் கூட்டம் திரண்டு ஜூலை 17 அன்று பள்ளி சூறையாடப்பட்டது. பேருந்துகள் எரிக்கப்பட்டன.

யூடியூப் சேனல்களும் பிராண்டுகளே. அவற்றுக்குப் பெயர், சின்னம், விளம்பர வருமானம் எல்லாம் உண்டு. அந்த வாரங்களில் பல சேனல்கள் கண்ணீர் வழியும் முகத்தைச் சிவப்பு அம்புக்குறியோடு முகப்புப் படமாக்கி, நாளுக்கு நாள் ஒரு புதிய 'திடுக்கிடும் உண்மை'யை விற்றன. சமூக ஊடகங்கள் இணை விசாரணை நடத்துவதை உயர் நீதிமன்றம் கண்டித்தது. துயரப்பட்டவர் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்ட இந்தப் பதிவுகளை எடைபோட ஒரு வழி இருக்கிறது. பார்வைகள் குறைந்த பிறகு அந்தச் சேனல் அதே குடும்பத்தைப் பற்றி, வழக்கைப் பற்றி, வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருந்த மற்ற மாணவர்களைப் பற்றி ஒரு காணொளியாவது போட்டதா என்று பார்க்கலாம். பெரும்பாலான சேனல்களின் பட்டியலில் அந்த வரிசை சட்டென்று அறுந்துபோகிறது.

நீலகிரியில் ஒரு வேறு வழி

வாடிக்கையாளர் அல்லாதவருக்கும் இடம் தரும் விளம்பரம் சாத்தியமா என்ற கேள்விக்கு இரண்டு மாதிரிகளைப் பார்க்கலாம். ஒன்று பெருநிறுவனத்தினுடையது. 2021 தீபாவளிக்குக் கேட்பரி நிறுவனம் ஷாருக் கானின் முகத்தையும் குரலையும் கணினி நுட்பத்தால் மாற்றி, பெருந்தொற்றில் நொடித்த சிறு கடைகளின் பெயரை அவர் சொல்வதுபோல் விளம்பரங்களை உருவாக்கியது. கடைக்காரர்கள் தங்கள் கடைக்கான விளம்பரத்தைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளவும் வழி செய்தது. சாக்லேட் விற்கும் கடைக்காரர் சாக்லேட் நிறுவனத்துக்கு வேண்டியவர்தான்; ஆகவே இதில் தன்னலம் இல்லாமல் இல்லை. ஆனால் விளம்பரத்தில் பெயர் சொல்லப்பட்டவர் அதனால் நேரடியாகப் பயன் பெற்றார். பெரும்பாலான உருக்கமான தீபாவளி விளம்பரங்கள் இந்த அளவுக்குக்கூட வருவதில்லை.

இரண்டாவது கல்வராயனுக்கு நெருக்கமானது. கோத்தகிரியில் இயங்கும், 1993இல் தொடங்கப்பட்ட கீஸ்டோன் நிறுவனம் நீலகிரிப் பழங்குடிகளின் தேன் சேகரிப்பை ஆவணப்படுத்துவதில் வேலையைத் தொடங்கியது. அதிலிருந்து 2010இல் 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' என்ற விற்பனை நிறுவனம் கிளைத்தது. 2013இல் 'ஆதிமலை பழங்குடியினர்' என்ற உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது. அதன் பங்குதாரர்கள் பழங்குடியினரே. தேன், மிளகு, காப்பி, சிறுதானியம் ஆகியவை அவர்கள் வழியாகச் சந்தைக்கு வருகின்றன. இங்கே பாறைத்தேன் எடுக்கும் குறும்பர், இருளர் ஆகியோரின் அறிவு விளம்பரத்தின் அலங்காரமாக நிற்கவில்லை. எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும், எவ்வளவு அடையைத் தேனீக்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது அந்த வணிகத்தின் விதியாகவே இருக்கிறது. விற்பவர் பங்குதாரராக இருக்கும்போது 'வெள்ளந்தி மனிதர்கள்' என்ற தலைப்பு எழுத முடியாது. எழுதினால் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எவராவது எழுந்து கேட்பார்.

இந்த மாதிரிக்கும் எல்லை உண்டு. நீலகிரிக்கு ஏற்கெனவே ஒரு பெரிய பெயர் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளும் காப்பி ஆர்வலர்களும் தேடி வருகிறார்கள். கோத்தகிரியில் முப்பது ஆண்டுகள் தங்கி வேலை செய்த ஓர் அமைப்பின் பொறுமை அதன் பின்னால் இருக்கிறது. கல்வராயனில் அதை அப்படியே நகலெடுத்துவிட முடியாது. மரவள்ளிக்கு ஆலை விலை சரியும் ஆண்டில் மலைக்குடும்பம் கடனுக்குக் கிழங்கைக் கொடுக்கிறது. தரகரும் ஆலையும் உடனே பணம் தருவதால் அவர்களை விட்டு விலகுவதும் எளிதல்ல.

ஆனாலும் சில விஷயங்களுக்கு முப்பது ஆண்டுகள் தேவையில்லை. சாமைப் பொட்டலத்தின் மேல் 'பழங்குடியினர்' என்ற பொதுப்பெயருக்குப் பதில் வெள்ளிமலை என்றோ கரியாலூர் என்றோ ஊரின் பெயரை அச்சிடலாம். விளைவித்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் அவருக்குக் கொடுத்த விலையையும் அச்சிடலாம். மலையைப் பற்றிய ஒரு காணொளியை வெளியிடுவதற்கு முன் அதில் வருகிறவர்களுக்குக் கைபேசியில் போட்டுக் காட்டலாம். அலைவரிசை இல்லாத ஊரிலும் பதிவுசெய்த காணொளி ஓடும்.